‘கைமாறியது’ என்று போட்டேன்

"தம்பி, இந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க."

அண்ணன் அன்றைக்குச் சொன்னது அவ்வளவுதான். புரூஃபை என் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த வரியின் அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் திருத்தம் எதுவும் இல்லை. முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவர். தப்பு என்றால் சிவப்புப் பேனாவை எடுப்பார். அவர் பென்சிலை எடுத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வரி இது: "1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில், கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறையக் கால் பங்கு இந்தியர்களின் கைக்குப் போனது."

போட்டித் தேர்வுக் கையேடு ஒன்றுக்கு நான் எழுதிய வரி. எழுதி முடித்தபோது எனக்கு அதில் பெருமையும் இருந்தது. போட்டித் தேர்வுக் கையேடுகளில் ஆங்கிலேய–பர்மியப் போர்கள் என்றால் அரைப் பக்கம்தான். மூன்று போர், அவை நடந்த மூன்று ஆண்டு, முதல் போரை முடித்த ஒரு யாண்டபோ உடன்படிக்கை. மூன்றாம் போரின் உடனடிக் காரணம் என்ன? பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்குப் போட்ட அபராதம். ஒரு மதிப்பெண். தேர்வுக்கு அது போதும், சரி. ஆனால் படிக்கிற பிள்ளை, ஒரு ராஜா அநியாயமாக அபராதம் போட்டார், அதனால் சண்டை வந்தது என்றல்லவா மனதில் வைத்துக்கொள்ளும்? எனக்கு அது ஆறவே இல்லை. அந்தப் பதிப்புக்கு மூன்று பக்கம் கேட்டு வாங்கினேன்.

முதலில் நான் அடித்தது ‘இணைக்கப்பட்டது’ என்ற சொல்லை. பழைய பதிப்பில் "1886இல் மேல் பர்மா இணைக்கப்பட்டது" என்று இருந்தது. யார் இணைத்தார்கள்? 1885 நவம்பர் 14 அன்று பிரிட்டிஷ் தளபதி பிரெண்டர்காஸ்டின் படை ஐராவதி ஆற்றில் நீராவிக் கப்பல்களில் எல்லை தாண்டியது. 28ஆம் தேதி தலைநகர் மாண்டலேயில் இருந்தது. பர்மிய மன்னர் திபாவைக் குடும்பத்தோடு கப்பலேற்றி முதலில் சென்னைக்கும், பிறகு ரத்னகிரிக்கும் கொண்டுபோனார்கள். 1916இல் சாகிறவரை அவர் ஊர் திரும்பவில்லை. 1886 ஜனவரி 1 அன்று இந்திய வைசிராய் டஃப்ரின் பிரபு ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஒரு நாடே பிரிட்டிஷ் முடியின் கீழ் போய்விட்டது. இத்தனை பேர் செய்த காரியத்தை ‘இணைக்கப்பட்டது’ என்று எழுதுவது பொய் என்று எனக்குப் பட்டது. "பிரிட்டிஷார் படையெடுத்துப் பிடித்தார்கள்" என்று மாற்றினேன்.

காரணத்தையும் விரித்தேன். தேக்கு மரக் கணக்கைக் குறைத்துக் காட்டியதாகக் கம்பெனிக்குப் போட்ட அபராதம் 23 லட்சம் ரூபாய். அந்தத் தகராறு நிஜம். ஆனால் பிரான்ஸ் வியட்நாமில் கால் ஊன்றியதும், மாண்டலே அரசவை பிரான்சோடு ஒப்பந்தம் செய்துகொண்டதும், பர்மா வழியாகச் சீனச் சந்தைக்குப் பாதை தேடிய வியாபாரிகள் லண்டனைக் குடைந்ததும் இல்லாவிட்டால் அந்த அபராதம் ஒரு போராக மாறியிருக்காது. 1852இலும் இதே கதைதான். ரங்கூனில் இரண்டு கப்பல் தலைவர்களுக்குப் போட்ட அபராதத்தில் தொடங்கி, கீழ்ப் பர்மாவின் பெகு மாகாணமே பிரிட்டிஷார் கைக்குப் போய்விட்டது. அந்த முறை உடன்படிக்கைகூடக் கிடையாது.

ராஜா போன பிறகுதான் ஊர்கள் எழுந்தன. இரண்டு வாரத்தில் முடிந்த போருக்குப் பின்னால் வருடக்கணக்காக ஒரு போர் நடந்தது. படையை 30,000 பேருக்கு மேல் பெருக்க வேண்டியிருந்தது, கிராமங்களை எரித்தார்கள். அரசு ஆவணங்களில் எதிர்த்தவர்களுக்குப் பெயர் ‘கொள்ளைக்காரர்கள்’. அந்தச் சொல்லையும் அடித்தேன். சொல்லைச் சரியாகப் போட்டுவிட்டால் பாதி நியாயம் கிடைத்துவிடும் என்று அப்போது நம்பினேன்.

அப்புறம்தான் அந்தக் கால் பங்கு நிலம்.

அண்ணன் டீ குடித்துவிட்டு வந்ததும், "என்னண்ணே, கணக்கு தப்பா?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் விறைப்பு இருந்திருக்கும்.

"கணக்கு தப்புன்னு நான் சொல்லலையே. இந்தியர்கள்னு போட்டிருக்கீங்க. எங்கப்பா ரங்கூன்ல அரிசி மில்லுல மூட்டை தூக்கினவரு. ஒரு சாண் நிலம் கிடையாது. 64ல பர்மாவை விட்டு நாங்க கப்பல் ஏறுறப்ப அம்மா காதுல கிடந்ததையும் கழட்டி வாங்கிட்டாங்க. இந்த வரியைப் படிக்கிற புள்ள எங்கப்பாவையும் சேர்த்துத்தானே நினைக்கும்?"

அவர் பர்மாவிலிருந்து வந்த குடும்பம் என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுதும்போது அது என் நினைவில் வரவே இல்லை.

உடனே மாற்றினேன். ‘இந்தியர்கள்’ போய் ‘செட்டியார்கள்’ வந்தது. அதுதான் துல்லியம். நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் என்றும் சொல்ல முடியாது. விலை சரிந்தது, உழவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கடை வாசலில் வந்து நின்றது. அதையும் இரண்டு வரி சேர்த்தேன். முதலாளி பார்த்துவிட்டு, ஒரு சமூகத்தின் பேரைப் போட்டு ஏன் வம்பு, அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து ஆளாளுக்குப் பரப்புவார்கள் என்றார். அவர் பயந்ததில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ‘கடன் கொடுத்தவர்கள்’ என்று போட்டேன். பக்கம் கட்டுகிற பெண், மூன்று வரி கூடுகிறது, அடுத்த பக்கத்துக்குத் தாண்டிவிடும் என்றாள். மாலை ஆறு மணி. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும்.

"நிலம் பெருமளவில் கைமாறியது" என்று போட்டேன்.

எல்லோருக்கும் திருப்தி. அண்ணன்கூடத் தலையாட்டினார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்த வரி எனக்குக் கேட்டது. ‘இணைக்கப்பட்டது’ என்பதாவது செயப்பாட்டு வினை. யாரோ செய்தார்கள் என்ற தடயம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘கைமாறியது’ என்பதில் அதுவும் கிடையாது. வயல் தானே எழுந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நடந்துபோனதுபோல் இருக்கிறது. ஆங்கிலேயன் மறைத்ததை அடித்துத் திருத்திய நான், நம் பக்கத்துக் கதை வந்ததும் அவனைவிட நன்றாக மறைத்துவிட்டேன்.

இல்லை, அப்படிச் சொல்வதும் சரியில்லை. படையெடுத்தவனையும் வட்டிக்குக் கொடுத்தவனையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? போர் நடக்காமல் இருந்தால் அந்தக் கடனும் இல்லை, அந்தக் கூலிக் கப்பல்களும் இல்லை. 1885இல் கூடிய முதல் காங்கிரஸ் மாநாடே மேல் பர்மாவைப் பிடிப்பதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன். எல்லாம் உண்மைதான்.

ஆனாலும் 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களை இறக்கினார்கள், சமரசம் ஆனதும் அவர்களைப் போகச் சொன்னார்கள், கலவரம் மூண்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் மூட்டை தூக்குகிறவர்கள். நிலம் வைத்திருந்தவர்கள் கிடையாது. வெட்டியவர்கள் கண்ணில் எல்லோரும் ‘இந்தியர்கள்’. அப்படியானால் அண்ணனின் பென்சில் கோடு நூற்றுக்கு நூறு சரி. நான் எழுதிய அந்தச் சொல்தான் அன்றைக்கு அந்த ஆட்களைக் கொன்ற சொல்.

ஆனால் நிலத்தின் கதையைச் சொல்லாமல் விட்டால், 1930உம் 1964உம் வெறும் வெறுப்பாக மட்டும் நிற்கும். வயலை இழந்த பர்மிய உழவன் என் மூன்று பக்கத்தில் எங்குமே இல்லை. பர்மியர்கள் ஏன் அத்தனை இந்தியர்களையும் கப்பல் ஏற்றினார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், என் புத்தகத்தில் விடை கிடையாது.

இன்னொன்றும் தாமதமாகத்தான் உறைத்தது. அண்ணன் அந்த வரியை எடுக்கச் சொல்லவே இல்லை. படித்துப் பாருங்கள் என்றார், அவ்வளவுதான். எடுக்கச் சொல்கிறார் என்று நானாக முடிவு செய்தேன். ஒருவேளை அவர் அப்பாவுக்கு அங்கே ஒரு வரி கேட்டிருக்கலாம். தேக்கு, நெல், ராஜா, பிரபு எல்லோருக்கும் இடம் கொடுத்தவன் மூட்டை தூக்கியவருக்கு ஒரு வரி எழுதவில்லை. கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை.

கண் பார்வை குறைந்ததும் அண்ணன் வேலையை விட்டுவிட்டார். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி அனுப்பினேன். பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். போனில், "அச்சு நல்லா வந்திருக்கு தம்பி" என்றார். அந்தப் பக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அடுத்த பதிப்புக்கான ஃபைல் என்னிடம் வந்திருக்கிறது. எழுத்தளவைச் சற்றுக் குறைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் கீழே நான்கு வரிக்கு இடம் இருக்கிறது. அரிசி மில்களிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். நிலத்தைப் பற்றிய வரி இன்னும் அப்படியே இருக்கிறது.