பென்சிலால் அடிக்கோடிட்ட எண்கள்

பிப்ரவரி முதல் தேதி மதியம் நிதியமைச்சரின் உரை முடிந்ததும் நாடே வருமான வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்தில் எங்கள் அறையில் மட்டும் நாலைந்து பேர், செலவு பட்ஜெட்டில் வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை, அதாவது ஆண்டுச் செலவுக்கு அது நாடாளுமன்றத்திடம் கேட்கும் தொகை, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புரட்டிக்கொண்டிருப்போம். மக்களவைச் செயலகத்தில், வெளியுறவு நிலைக்குழுவுக்கு வேலை செய்யும் கிளையில், இரண்டு தவணையாகப் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பக்கத்தைத் தேடாமல் எந்த பட்ஜெட் நாளும் கழியவில்லை.

ஊரில் கேட்பவர்களுக்கு என் வேலையை விளக்குவது சிரமமாகத்தான் இருந்தது. அமைச்சகங்களின் செலவையும் கொள்கையையும் ஆராய, 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தன. இப்போது ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. குழுவின் தலைமைப் பொறுப்பு எதிர்க்கட்சிக்காரரிடம் போவதும் உண்டு. வெளியுறவுக் குழுவுக்கு முதலில் வாஜ்பாய் தலைவராக இருந்தார். பின்னாளில் சசி தரூர் இருந்தார். குழுவின் ஆயுள் ஓராண்டுதான். அடுத்த ஆண்டு பாதி முகங்கள் மாறியிருக்கலாம். போன வருடம் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டியது எங்களைப் போன்ற ஊழியர்கள்.

கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பவை. அங்கே யார் என்ன பேசினார்கள் என்பதை நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். இங்கே எழுதுவதெல்லாம் அறிக்கைகளில் அச்சானதும், என் மேஜையில் நான் கற்றுக்கொண்டதும்தான்.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் இணை இயக்குநர், உத்தராகண்ட்காரர். முதல் வாரமே ஒரு பென்சிலை நீட்டி, "பட்ஜெட் மதிப்பீட்டை எல்லோரும் படிப்பார்கள். நீ திருத்திய மதிப்பீட்டுக்குக் கோடு போடு" என்றார். அலுவலகப் பேச்சில் அவை பி.இ., ஆர்.இ. முதலாவது, ஆண்டுத் தொடக்கத்தில் தருவதாகச் சொன்ன தொகை. இரண்டாவது, பாதி ஆண்டு கழிந்த பின் கையில் உண்மையில் மிஞ்சுவது. அவர் சொன்னதன் கனம் எனக்கு முழுதாகப் புரிந்தது பல ஆண்டுகள் கழித்து. 2021-22இல் வெளியுறவு அமைச்சகத்துக்கு பி.இ. சுமார் 18,155 கோடி ரூபாய். ஆர்.இ.யில் அது 16,000 கோடி ஆனது. அடுத்த ஆண்டு பி.இ. 17,250 கோடி. அதற்கும் அடுத்த ஆண்டு, 2023-24இல், 18,050 கோடி. வெறும் தலைப்புச் செய்தியாகப் பார்த்தால் "இந்த ஆண்டு 800 கோடி கூடுதல்" என்று எழுதிவிடலாம். பென்சில் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், இரண்டு ஆண்டுக்கு முந்தைய வாக்குறுதியைக்கூட அது எட்டவில்லை என்பது தெரியும். கோவிட் காலம் அது, பயணமும் கட்டுமானமும் முடங்கிக் கிடந்தன என்பது உண்மை. ஆனால் ஒரு முறை வெட்டுப்பட்ட தொகை அடுத்த ஆண்டின் அடித்தளமாகிவிடுகிறதே, அதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

குழுவின் கேள்விப் பட்டியலை வரைவாக எழுதுவது எங்கள் பொறுப்பு. என் முதல் வரைவில் "ஏன் முழுமையாகச் செலவிடவில்லை?" என்று ஆறு இடத்தில் எழுதியிருந்தேன். அவர் ஆறையும் அடித்துவிட்டார். அப்படிக் கேட்டால் "பல்வேறு காரணங்களால்" என்று பதில் வரும், எந்த அமைச்சகமாக இருந்தாலும் அப்படித்தான் வரும் என்றார். அதற்குப் பதிலாக அவர் எழுதியவை: நிதி அமைச்சகத்திடம் நீங்கள் கேட்டது எவ்வளவு? கிடைத்தது எவ்வளவு? குறைந்ததால் எந்தத் திட்டத்தைத் தள்ளிப்போட்டீர்கள்? மூன்று கேள்வி, மூன்றுக்கும் எண்ணாகவோ பெயராகவோதான் பதில் சொல்ல முடியும். அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கேள்வியையும், இதற்கு ஒரு பெயரடையை மட்டும் வைத்துப் பதில் சொல்லிவிட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

வெளியுறவுக் கொள்கை என்றால் உரைகளும் கூட்டறிக்கைகளும் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கிளைக்குப் போனவன் நான். பட்ஜெட்டில் கணக்குத் தலைப்பு 3605 ஒன்று உண்டு. பிற நாடுகளுடன் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்பு என்று பெயர். 7605 என்றால் அயல்நாட்டு அரசுகளுக்கான கடன். இந்த இரண்டின் கீழும் நாடு நாடாக வரும் பட்டியலை வருடத்துக்கு வருடம் அடுக்கி வைத்துப் படித்தால், உரைகளில் தெரியாதது தெரியும். மேலே எப்போதும் பூடான் நிற்கும். 2023-24இல் அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் சுமார் 2,400 கோடி. ஏழரை லட்சம், எட்டு லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு ஏன் இவ்வளவு என்று புதிதாக வரும் உறுப்பினர்கள் கேட்பது இயல்பு. பெரும்பகுதி நீர்மின் திட்டங்களுக்கானது. மானியமும் கடனும் கலந்து போவது. புனாத்சாங்சு-1 போன்ற திட்டத்தில் 40 சதவீதம் மானியம், 60 சதவீதம் கடன். 2013இல் அந்த அணைப் பகுதியில் மலைச்சரிவு ஏற்பட்டது. மண் சரிந்த அந்தச் செய்தி டெல்லியில் எங்களுக்கு வந்து சேர்ந்தது, ஒரு அட்டவணையில் தள்ளிப்போன நிறைவுத் தேதியாக.

என்னை அதிகம் அலைக்கழித்தது கலாதான். மியான்மர் வழியாக மிசோரமுக்குப் போகும் பல்வகைப் போக்குவரத்துத் திட்டம். கொல்கத்தாவிலிருந்து சிட்வே வரை கடல், சிட்வேயிலிருந்து பலெட்வா வரை கலாதான் ஆறு, அங்கிருந்து எல்லையில் சோரின்புய் வரை சுமார் 109 கிலோமீட்டர் சாலை. 2008இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது மதிப்பீடு 536 கோடி. 2015இல் திருத்திய மதிப்பீடு 2,904 கோடி. இந்த இரண்டு எண்ணையும் ஒரே வரியில் எழுதிவிட்டு "ஐந்து மடங்கு" என்று சேர்த்தால் போதும், செய்தித்தாளுக்கு விஷயம் கிடைத்துவிடும். ஆனால் குழுவின் வேலை அங்கே முடிவதில்லை, தொடங்குகிறது. அந்த மலைக்காட்டில் சாலை போட முதலில் என்ன ஆய்வு செய்தார்கள்? செலவு கூடும் என்பது எந்த ஆண்டு தெரிந்தது? தெரிந்த பிறகு ஒப்புதல் பெற எத்தனை மாதம் ஆயிற்று? ஒரு திட்டம் கெடுவது பெரும்பாலும் ஒரே நாளில் அல்ல. "பரிசீலனையில் உள்ளது" என்ற சொல் இருக்கிறதே, அதற்குள் ஆண்டுகள் கரைந்துவிடும். சிட்வே துறைமுகம் 2023 மே மாதம் இயங்கத் தொடங்கியது. சாலை அப்போதும் முடியவில்லை.

ஒரு வரி மட்டும் எனக்கு எண்ணாக இருந்ததில்லை. நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். மண்டபம் முகாம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். 1983க்குப் பிறகு படகில் வந்தவர்களின் பிள்ளைகள் என்னோடு படித்தார்கள். போர் முடிந்த பின், இலங்கையில் 50,000 வீடுகள் கட்டித்தரும் திட்டத்தை இந்தியா 2010இல் அறிவித்தது. 1,372 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மானியம். முன்னோட்டமாக 1,000 வீடுகள் 2012 ஜூலையில் முடிந்தன. அக்டோபர் 2ஆம் தேதி வடக்கிலும் கிழக்கிலும் பெரிய கட்டம் தொடங்கியது. அதில் பயனாளியே வீட்டைக் கட்டுவார், வேலை நகர நகரத் தவணை தவணையாக அவர் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய்.

முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு மன்னார் பக்கம் திரும்பிப் போன ஒரு அக்கா, அம்மாவோடு தொலைபேசியில் பேசுவார். ஒரு நாள் அம்மா என்னிடம், "அத்திவாரம் எழும்பிருச்சாம்டா. சுவருக்குக் காசு வந்துட்டா மழைக்கு முன்ன கூரை போட்டுருவாளாம்" என்றார். அன்று என் மேஜையில் அதே திட்டத்துக்கான வரைவுக் கேள்வி இருந்தது: "இதுவரை எத்தனை வீடுகள் கட்டி முடிக்கப்பட்டுள்ளன?" அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்த வீடுகளை மட்டும் எண்ணினால் அந்த அக்கா எங்கள் அட்டவணையில் எங்குமே இல்லை. எத்தனை வீடுகள் அத்திவாரத்தில் நிற்கின்றன, எத்தனை சுவரில், எத்தனை கூரையில், ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையே எத்தனை நாள் என்று பிரித்து எழுதினேன். இணை இயக்குநர் படித்துவிட்டு ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. பிறகு, "மழை எப்போது அங்கே?" என்று மட்டும் கேட்டார். ஐப்பசி, கார்த்திகை என்றேன். அவருக்குப் புரிகிற மாதத்தில் அக்டோபர், நவம்பர் என்று திருப்பிச் சொன்னேன்.

வெளியில் பெயர் வாங்கித் தந்த அறிக்கைகள் வேறு. 2017இல் டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் 73 நாள் எதிரெதிரே நின்றதற்குப் பிறகு, 2018இல் சீன உறவு பற்றி வந்த அறிக்கையைப் பத்திரிகைகள் வரி வரியாகப் படித்தன. அத்தகைய ஆய்வு தேவைதான். வெளியுறவுச் செயலாளரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் உரிமை மக்கள் பிரதிநிதிகளுக்கு இருக்கிறது என்பதே ஒரு குடியரசுக்குப் பெருமை. ஆனாலும் என் மனம் பணியாளர் எண்ணிக்கை பற்றிய அறிக்கைகளில்தான் நிற்கிறது. 2023இல் குழு அச்சிட்ட கணக்கின்படி அமைச்சகத்தின் மொத்தப் பணியாளர் 4,888. அதில் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகள் 1,011 பேர். நூற்று நாற்பது கோடி மக்களுக்கு இத்தனை பேர். அந்த ஆண்டு ஒதுக்கீடு அரசின் மொத்தச் செலவில் சுமார் 0.4 சதவீதம். ஒரு சதவீதமாவது வேண்டும் என்று குழு கேட்டிருக்கிறது. கண்காணிக்கிற குழுவே, கண்காணிக்கப்படுகிற அமைச்சகத்துக்காக வாதாடுவதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. வளைகுடாவில் சம்பளம் கிடைக்காமல் தூதரக வாசலில் நிற்கிற ஒருவரின் மனுவைப் படிக்க மேஜைக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறாரா என்பதும் செலவை ஆராய்வதில் ஒரு பகுதிதான்.

குழுவின் கை நீளம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். மானியக் கோரிக்கை மீதான அறிக்கையில் கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் போன்ற எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்பது விதி. அன்றாட நிர்வாகத்திலும் தலையிடக் கூடாது. பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. அவற்றின் மதிப்பு அறிவுரையின் மதிப்பு. பிறகு மக்களவையில் கில்லட்டின் நேரம் வரும். விவாதிக்க நேரமில்லாத கோரிக்கைகள் அனைத்தும் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படும். நாங்கள் மூன்று வாரம் ராத்திரி பகலாக உழைத்த கோரிக்கை, அவையில் ஒரு நிமிடம்கூடப் பேசப்படாமல் நிறைவேறிய மாலைகள் உண்டு. முதல் முறை பார்வையாளர் மாடத்திலிருந்து அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

எனக்குத் தெம்பு கொடுத்தது மூன்று மாதம் கழித்து வரும் கட்டு. ஒவ்வொரு பரிந்துரைக்கும் அரசு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்றவை, பதில் கிடைத்ததால் குழு மேலும் வற்புறுத்தாதவை, பதிலைக் குழு ஏற்காதவை, இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை என்று அவற்றைப் பிரித்து மீண்டும் ஓர் அறிக்கை எழுதுவோம். யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் இல்லை என்று சொல்வதற்கும் ஒரு காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதம் அடுத்த பிப்ரவரியில் எங்கள் மேஜையில் இருக்கும். "குறிப்பிட்டுக்கொள்ளப்பட்டது" என்று மட்டும் எழுதி வருபவற்றை நான் ஒருபோதும் ஏற்றவை பட்டியலில் சேர்த்ததில்லை. அதற்காகச் சில சமயம் கூடுதலாக ஒரு குறிப்பு எழுதி மேலே வாதாட வேண்டியிருந்தது. எழுதினேன்.

கடைசி வாரம், என் இடத்துக்கு வந்த இளம் அதிகாரியிடம் கோப்புகளை ஒப்படைத்தேன். கேரளப் பெண், வேகமாகப் படிப்பவர். கலாதான் கோப்பைத் திறந்து, அந்த 109 கிலோமீட்டர் சாலை பற்றிய பதில்களை ஆண்டு வரிசைப்படி மேஜையில் பரப்பினார். நிறைவு பெறும் என்று ஒவ்வொரு பதிலிலும் சொன்ன தேதியை மட்டும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு போனார். நான் எதுவும் சொல்லவில்லை. எழுதி முடித்ததும், "சார், பென்சில் இருக்கா?" என்றார்.

2024 ஜனவரியில் பலெட்வா, மியான்மர் ராணுவத்தோடு போரிடும் ஆயுதக் குழுவான அராகன் ஆர்மியின் கைக்குப் போனது என்று செய்தி படித்தபோது, அந்தத் தாளில் அவர் அடுத்த வரியை என்னவென்று எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.