மேல்தளத்தில் இடம் இருக்கிறது

சிங்கப்பூரில் மாலை நேரத்தில் ஈரடுக்குப் பேருந்தில் ஏறுகிறவர்கள் அனைவரும் கண்டிருக்கக்கூடிய ஒரு முரண் உண்டு. கீழ்த்தளத்தில் முன்கதவிலிருந்தே நெரிசல் தொடங்கிவிடும். ஓட்டுநர் உள்ளே நகரச் சொல்லிக்கொண்டே இருப்பார். நிறுத்தத்தில் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் அடுத்த வண்டிக்கு நிற்க நேரிடும். அதே நேரத்தில் மேல்தளத்தில் பல இருக்கைகள் காலியாக இருக்கும். இது பயணிகளின் பிடிவாதத்தால் மட்டும் நேர்வதன்று என்பதும், பேருந்தின் உள்ளமைப்பே அவர்களைக் கீழே நிறுத்திவைக்கிறது என்பதும் நெடுநாளாக என் எண்ணம். ஈரடுக்குப் பேருந்தின் உட்புறத்தைப் பற்றி யார் பேசினாலும் மேல்தள முன்வரிசைக் காட்சியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் படிக்கட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

இங்கே ஓடும் ஈரடுக்குப் பேருந்து ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 4.4 மீட்டர் உயரமும் உடையது. சாதாரண ஒற்றைத் தளப் பேருந்தும் ஏறக்குறைய அதே நீளம்தான் என்பதால், சாலையில் கூடுதல் இடத்தை அடைக்காமல் சுமார் 130 பேரை ஏற்றிச் செல்ல முடிகிறது. இருக்கைகளில் பெரும்பகுதி மேலே இருக்கிறது: ஐம்பதுக்கும் மேற்பட்டவை மேல்தளத்தில், ஏறத்தாழ முப்பது கீழ்த்தளத்தில். நிற்பவர்கள் எல்லோரும் கீழேதான் நிற்க வேண்டும், ஏனெனில் மேல்தளத்திலும் படிக்கட்டிலும் நின்று பயணம் செய்ய அனுமதி இல்லை. ஆகவே மேலே காலியாகக் கிடக்கும் ஒவ்வோர் இருக்கைக்கும் கீழே ஒருவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கீழ்த்தளத்தின் அமைப்பு, நடக்கச் சிரமப்படுபவர்களை முதன்மையாகக் கருதி வகுக்கப்பட்டது. அது சரியான முடிவு. முன்கதவிலிருந்து நடுக்கதவு வரை தரையில் படி எதுவும் கிடையாது. நிறுத்தத்தில் வண்டி நின்றதும் காற்றுத் தாங்கிகளில் உள்ள காற்றை வெளியேற்றி, நடைபாதைப் பக்கமாக உடலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளும். அந்த நேரத்தில் எழும் நீண்ட பெருமூச்சு போன்ற ஓசை எல்லோருக்கும் பழகிப்போனது. சக்கர நாற்காலியில் வருபவர் நடுக்கதவு வழியாக ஏறுகிறார். ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்து எழுந்து வந்து, தரையோடு மடிந்திருக்கும் சரிவுப் பலகையின் பிடியைக் கையால் தூக்கி, வெளிப்புறமாகத் திருப்பிப் போடுகிறார். பொத்தானை அழுத்தி இயங்கும் பலகையைவிடக் கையால் விரிக்கும் பலகை பழுதாவது குறைவு. உள்ளே வந்தவர் கதவுக்கு எதிரே உள்ள திறந்த இடத்தில், பின்பக்கம் நோக்கியபடி, மெத்தை வைத்த பலகையில் நாற்காலியின் முதுகைச் சாய்த்து நிறுத்திக்கொள்கிறார். திடீரென்று பிரேக் பிடித்தால் உடல் முன்னால் தூக்கி எறியப்படாமல் அந்தப் பலகை தாங்கிக்கொள்ளும். கை எட்டும் உயரத்தில் அவருக்கென்று தனிப் பொத்தானும் உண்டு. 2006-இல் சில வண்டிகளோடு தொடங்கிய இந்த ஏற்பாடு 2020-ஆம் ஆண்டின் இறுதிக்குள் நாட்டின் எல்லாப் பொதுப் பேருந்துகளுக்கும் வந்துவிட்டது. 2017 ஏப்ரல் முதல் குழந்தைகளின் தள்ளுவண்டியை மடிக்காமலே கொண்டுவரலாம் என்ற விதியும் வந்தபின், அந்தத் திறந்த இடத்துக்கு எப்போதும் போட்டிதான்.

கீழ்த்தளத்தின் பின்பாதி வேறு கதை. அச்சுகளும் எஞ்சினும் அடியில் இருப்பதால் தரை அங்கே உயர்ந்துவிடுகிறது. படியேறித்தான் பின்னிருக்கைகளை அடைய வேண்டும், சக்கர மேடுகளின்மேல் அமைந்த சில இருக்கைகள் எதிரெதிராக இருக்கும், முழங்கால்கள் முட்டிக்கொள்ளும். டீசல் வண்டியாக இருந்தால் எஞ்சினின் சூடும் அதிர்வும் கூடுதல் துணை. நிற்பவர்கள் அந்த உயர்ந்த பகுதிக்குப் போகத் தயங்குவதால், தாழ்தளமாக உள்ள முன்பகுதியில்தான் கூட்டம் முழுவதும் திரள்கிறது. படிக்கட்டின் அடி இருப்பதும் அங்கேயே.

சாலையின் இடப்பக்கமாக வண்டிகள் செல்லும் நாடு என்பதால் கதவுகள் இடப்பக்கத்திலும் படிக்கட்டு வலப்பக்கத்தில் ஓட்டுநர் பகுதிக்குப் பின்னாலும் இருக்கின்றன. ஒரே படிக்கட்டு உள்ள வண்டியில் ஏறுபவரும் இறங்குபவரும் அதையே பயன்படுத்த வேண்டும்; அதன் அகலமோ ஒருவருக்குத்தான் போதும். முன்கதவில் கட்டண அட்டையைத் தட்டிவிட்டு வருபவர் படியில் கால் வைக்கும்போது மேலிருந்து இருவர் இறங்கிக்கொண்டிருந்தால், அவர் ஒதுங்கி நிற்கிறார். அவருக்குப் பின்னால் வருபவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாமல் நிற்கிறார்கள். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரும் மேலே போகும் எண்ணத்தைக் கைவிட்டு அங்கேயே கம்பியைப் பற்றிக்கொள்கிறார். இனி அடுத்து வருபவருக்குப் படிக்கட்டே கண்ணில் படாது.

இதோடு கட்டண முறையும் சேர்ந்துகொள்கிறது. 2010 ஜூலை முதல் இங்கே தொலைவுக்கு ஏற்பக் கட்டணம் கணக்கிடப்படுவதால், இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும்; தட்ட மறந்தால் அந்த வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்கும் உரிய கட்டணம் கழிந்துவிடும். எனவே மேல்தளத்தில் இருப்பவர்கள் தங்கள் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே எழுந்து, வண்டி ஓடும்போதே இறங்கி, நடுக்கதவின் அட்டைக் கருவிக்கு அருகில் இடம் பிடித்துவிடுகிறார்கள். ஓடும் வண்டியில் படியிறங்குவது ஆபத்தானது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வண்டி நின்றபின் எழுந்து வந்தால், கதவு மூடுவதற்குள் கீழே இருக்கும் கூட்டத்தைக் கடக்க முடியுமா என்ற ஐயம் வலுவானது. முழங்கால் வலியுள்ள என் அம்மா மேல்தளத்துக்கு வரமாட்டேன் என்பதற்குச் சொல்லும் காரணம் ஏறுவதன் சிரமமன்று, இறங்குவதன் அவசரம்தான். மூன்று நிறுத்தங்களில் இறங்கப் போகிறவர் மேலே ஏற மறுப்பதும் இதே கணக்கில்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

படிக்கட்டைக் கட்டியவர்கள் தங்களால் ஆனதைச் செய்திருக்கிறார்கள். படிகளின் விளிம்பில் பளிச்சென்ற நிறப்பட்டை, இருபுறமும் இடைவெளியின்றித் தொடரும் கைப்பிடி, திருப்பங்களில் வழுக்காத தரை, தலை இடிக்கும் இடத்தில் மெத்தை என்று எல்லாம் உண்டு. சில வண்டிகளில் படிக்கட்டின் அருகே ஒரு சிறு மின்திரை, மேல்தளத்தில் எத்தனை இருக்கைகள் காலியாக உள்ளன என்பதை எண்ணால் காட்டும். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுவே. மேலே ஏறிப் பார்த்து இடமில்லாமல் ஆடும் வண்டியில் திரும்பி இறங்கும் சங்கடத்தை அது போக்கிவிடுகிறது. எண் 20 என்றால் எல்லோரும் நம்பி ஏறுகிறார்கள். எண் 3 என்று இருக்கும்போது ஏறுகிறவர்கள் மிகச் சிலரே: அந்த மூன்றும் ஜன்னலோரத்தில் இருக்கின்றனவா, யாராவது பையை வைத்து அடைத்துவைத்திருக்கிறார்களா என்பதையெல்லாம் திரை சொல்வதில்லை. வேறு சில வண்டிகளில் மேல்தளக் கேமராவின் படத்தையே கீழே காட்டியிருக்கிறார்கள். கூட்டத்தில் அந்தச் சிறிய படத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிட எண்ணே மேல் என்பேன்.

மேலே போனவர்களுக்கு வேறோர் உலகம் கிடைக்கிறது என்பது உண்மைதான். இருபுறமும் இரண்டிரண்டாக இருக்கைகள், நடுவில் ஒடுங்கிய நடைவழி, உயரமானவர்கள் தலையைக் குனிந்து நடக்க வேண்டிய தாழ்ந்த கூரை. சாலையில் வாகன உயரத்துக்கு 4.5 மீட்டர் வரம்பு இருக்கும்போது இரண்டு தளங்களை அடக்க வேண்டுமானால், தாழ்த்த வேண்டியது மேல்தளக் கூரையைத்தான். நிற்பதற்கு அனுமதியில்லாததற்குக் கூரை மட்டும் காரணமன்று. மேலே எடை கூடினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும். பிரிட்டனில் ஈரடுக்குப் பேருந்துகளை மேல்தளத்தில் முழு எடையேற்றி 28 பாகை சாய்த்தும் கவிழாது என்று சோதித்த பிறகே சாலைக்கு விடுகிறார்கள். அந்தக் கணக்கு மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டுமே கொண்டது. ஹாங்காங்கில் 2018 பிப்ரவரியில் தை போ பகுதியில் ஓர் ஈரடுக்குப் பேருந்து கவிழ்ந்து 19 பேர் உயிரிழந்த பின், புதிய வண்டிகளின் எல்லா இருக்கைகளிலும் இருக்கைப் பட்டை வைக்க வேண்டும் என்ற நிலை வந்தது.

நம் தட்பவெப்பத்தில் மேல்தளத்தின் பெரிய சவால் வெயில். மெல்லிய கூரையும் நாற்புறமும் கண்ணாடியும் கொண்ட இடத்தைக் குளிர்விப்பது எளிதன்று. அதனால்தான் கூரையோரக் குழாய்களிலிருந்து ஒவ்வொரு வரிசைக்கும் குளிர்காற்று வரும்படி அமைத்திருக்கிறார்கள். முன்வரிசை இருக்கைகளுக்குக் காட்சி உண்டு, கூடவே முகத்தில் நேராக விழும் வெயிலும் உண்டு. அமைதியாகப் படிக்க விரும்புபவர்கள் படிக்கட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று வரிசை தள்ளி, நிழல் பக்கத்தில் உட்காருவதே நல்லது. சில வண்டிகளில் யூஎஸ்பி மின்னேற்றிகளும் இருக்கின்றன. கைபேசியின் மின்கலம் குறையும் மாலையில் அவற்றுக்கு மவுசு அதிகம்.

படிக்கட்டுச் சிக்கலுக்கு நேரடியான விடை இரண்டாவது படிக்கட்டு. மூன்று கதவுகளும் இரண்டு படிக்கட்டுகளும் கொண்ட ஈரடுக்குப் பேருந்து ஒன்றை நிலப் போக்குவரத்து ஆணையம் 2017-இல் சோதனைக்கு விட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் அத்தகைய வண்டிகள் வழக்கமான சேவைக்கும் வந்தன. முன்படிக்கட்டில் ஏறி, பின்படிக்கட்டில் இறங்கி, பின்கதவு வழியாக வெளியேறலாம் என்பது ஏற்பாடு. மேல்தளத்திலிருந்து இறங்குகிறவர் கீழ்த்தள நெரிசலைத் தொடாமலே வெளியே போய்விடுவதால், ஏறுபவரும் இறங்குபவரும் எதிரெதிரே சந்திப்பதே இல்லை. இத்தகைய வண்டியில், என் நிறுத்தம் வந்து வண்டி நின்ற பிறகே இருக்கையிலிருந்து எழுகிறேன். ஒற்றைப் படிக்கட்டு வண்டியில் அந்தத் துணிச்சல் எனக்கு வந்ததில்லை.

இழப்பும் உண்டு. படிக்கட்டும் அதன் பக்கத்துச் சுவரும் இரண்டு தளங்களிலும் இருக்கைகளை விழுங்கிவிடுகின்றன. மூன்றாவது கதவுக்கும் இடம் விட வேண்டும். முன்பே குறைவாக இருந்த கீழ்த்தள இருக்கைகள் மேலும் குறைவதால், படியேற முடியாத முதியவர்கள்தான் அதை முதலில் உணர்கிறார்கள். பெர்லின் நகரம் இதே மூன்று கதவு, இரண்டு படிக்கட்டு அமைப்பை 13.8 மீட்டர் நீள வண்டிகளில் வைத்திருக்கிறது. கூடுதல் நீளம் இருக்கைகளின் இழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது.

லண்டனின் அனுபவம் இன்னும் சுவையானது. 2012 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய புதிய ரூட்மாஸ்டர் பேருந்திலும் மூன்று கதவுகள், இரண்டு படிக்கட்டுகள். ஹெதர்விக் நிறுவனத்தின் வடிவமைப்பு. படிக்கட்டின் சரிவையே பின்பற்றி வெளிப்புறத்தில் ஏறிச்செல்லும் கண்ணாடிப் பட்டை அதன் அடையாளம். படியேறும்போது வெளிச்சமும் தெருவும் தெரிவதால் அந்தப் படிக்கட்டு குகைபோல இருப்பதில்லை. இதை மட்டுமாவது மற்ற நகரங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் முதலில் வந்த வண்டிகளில் திறக்கும் ஜன்னல்கள் இல்லை. கோடையில் மேல்தளம் வெந்துபோனது என்று பயணிகள் கொதித்தார்கள். பிறகு ஜன்னல்களைத் திறக்கும்படி மாற்ற வேண்டியதாயிற்று. மூன்று கதவுகளிலும் ஏறலாம் என்ற அனுமதியும் நிலைக்கவில்லை. கட்டணம் செலுத்தாமல் ஏறுபவர்கள் பெருகியதால் 2020-இல் முன்கதவில் மட்டுமே ஏற வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். சிங்கப்பூரில் தொடக்கத்திலிருந்தே முன்கதவு ஏறுவதற்கு, மற்றவை இறங்குவதற்கு என்று வகுத்துவிட்டதால் அந்தத் தொல்லை எழவில்லை. வடிவமைப்பாளர்கள் வரைபடத்தில் போட்ட அம்புக்குறிகளைப் பயணிகளும் அப்படியே பின்பற்றும் ஊர் இது என்பதும் ஒரு காரணம்.

2020 முதல் மின்சார ஈரடுக்குப் பேருந்துகளும் ஓடுகின்றன. பின்னிருக்கைகளில் டீசல் எஞ்சினின் அதிர்வு போய்விட்டது பெரிய நிம்மதி. ஆனால் மின்கலங்களுக்கும் எங்கேனும் இடம் வேண்டும், அவற்றின் எடையை மேல்தளத்தில் ஏற்ற முடியாது. கீழே மிச்சமிருக்கும் இடத்துக்குப் போட்டி மேலும் கூடுகிறது.

என் விருப்பத்தைக் கேட்டால், ஓர் ஊரின் முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓடும் நீண்ட வழித்தடங்களுக்கு இருக்கைகள் மிகுந்த ஒற்றைப் படிக்கட்டு வண்டியே போதும். அங்கே பயணிகள் ஏறினால் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள், படிக்கட்டில் போக்குவரத்து குறைவு. எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புகளுக்குச் சுற்றிவரும் குறுகிய சேவைகளில் நிலை வேறு. அங்கே இரண்டு நிறுத்தங்களுக்கு ஒருமுறை பாதி வண்டி காலியாகும். அந்தச் சேவைகளுக்கு ஈரடுக்குப் பேருந்தை அனுப்புவதாக இருந்தால் இரண்டு படிக்கட்டு உள்ளதை அனுப்ப வேண்டும்; அது கைவசம் இல்லையென்றால் ஒற்றைத் தளப் பேருந்துகளை அடுத்தடுத்து விடுவதே மேல்.