பெரட்டுல மயங்கி விழுந்த அக்கா

படுங்கக்கா எந்திரிக்காதீங்கன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துது. செஞ்சது தப்புன்னு சொல்ல வரல. வெறும் வயித்தோட பெரட்டுல, அதான் எஸ்டேட்ல காலைல வேலைக்குப் பேர் கூப்புடுற எடத்துல, அசையாம நின்னா ரத்தமெல்லாம் கால்ல எறங்கிடும், பிரஷர் சட்டுனு கொறஞ்சு மூளைக்குப் பத்தாம ஆளு சாஞ்சிரும், மட்டமா படுக்க வெச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. கோலசிலாங்கூர் டவுன்ல முதலுதவி கிளாஸ்ல இதத்தான் சொன்னாங்க.

ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர் அண்ணன் என்னடான்னா தூக்கி உக்கார வைங்கடாங்கிறாரு, ஒருத்தர் கோடாலித் தைலத்த மூக்குல வெக்கிறாரு, இன்னொருத்தர் மைலோ போத்தல தொறந்து வாய்ல ஊத்தவே போயிட்டாரு. நெனவு முழுசா வராத ஆளுக்கு ஊத்துனா பொற ஏறிடும்ணேன்னு புடுங்கி வெச்சுட்டு, காலத் தூக்கி உர மூட்ட மேல ஒரு அடி ஒசரத்துல வெச்சேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது, முழிச்சுட்டாங்க. முழிக்கலன்னா மூச்சு இருக்கான்னு பாத்து, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, இங்க மலேசியால 999 அடிக்கணும். அந்த செம்மண் ரோட்டுல ஆம்புலன்ஸ் எப்ப வந்து சேரும்னு வேற உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

முழிச்சதும் அக்கா மொதல்ல கைலியத்தான் தடவிப் பாத்தாங்க. காலு ரெண்டும் மூட்ட மேல கெடக்கு, சுத்தி ஆம்பளைங்க, எவனோ போன வேற தூக்கிட்டான். "தம்பி, எந்திரிக்கிறேன் விடுய்யா." நான் தோள அமுக்கிப் புடிச்சுக்கிட்டேன். ஒடனே எந்திரிச்சா மறுபடி விழுவாங்க, ரெண்டாவது வாட்டி தலை சிமெண்டுல அடிச்சா யாரு பதில் சொல்றது?

சாயங்காலம் மண்டோர் அண்ணன், நான் கிராணியா கணக்கெழுதுற ஆபீஸ் வாசல்ல நின்னு கேட்டாரு. "கிராணி, நீ சொன்னது சரியாவே இருக்கட்டும், ஒரு பொம்பளைய எல்லாரு முன்னாடியும் காலத் தூக்கிப் படுக்க வெச்சியே, அவ இனிமே பெரட்டுல எப்படி நிப்பா?"

"விழாம நிப்பாங்கண்ணே"ன்னேன். நல்ல பதில்னுதான் அப்ப தோணுச்சு. அவரு சிரிக்கல.

கிளினிக்ல ரத்தம் கம்மின்னு மாத்திர குடுத்தாங்களாம், அதனால படுக்க வெச்சதுக்கும் கிளினிக்குக்கு அனுப்புனதுக்கும் எனக்கு நியாயம் கெடச்சிருச்சு. மானமா உசுரான்னா உசுருதான், இதுல என்ன யோசன? ஆனா அந்தம்மா உசுருக்கு அந்த நேரத்துல ஒண்ணும் இல்லியே, முழிச்சுதான் கெடந்தாங்க, நான்தான் எழும்ப விடல. சரி, அது அப்ப எனக்கு எப்படித் தெரியும்?

நாளைக்கு வேற யாரு விழுந்தாலும் படுக்கத்தான் வெப்பேன். முதலுதவிப் பெட்டிக்குள்ள இப்ப ஒரு பெரிய பாத்தேக் துணி மடிச்சு வெச்சிருக்கேன். இது எதுக்குன்னு மண்டோர் அண்ணன் கேட்டாரு, கட்டுப் போடன்னு சொல்லிட்டேன்.