லேசான குத்தல்

2016 குளிர்காலம். யார்க்ஷரில் ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டு. இரவு இரண்டு மணி இருக்கும். ஆறு படுக்கைகள் கொண்ட பகுதியில் ஜன்னலோரத்திலிருந்து பெல் அடித்தது. எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்த பெரியவர், வாழ்நாள் முழுக்க நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். குடலில் அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள். என்ன செய்கிறது என்று கேட்டேன். "லேசா ஒரு குத்தல், அவ்வளவுதான். உன்னைத் தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோ. முதல்ல மத்தவங்களைப் பாரு" என்றார்.

நாகர்கோவிலில் நர்சிங் படித்து, மதுரையில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு நான் இங்கிலாந்து போய் மூன்றே மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் வலியை நோயாளி மட்டுமா சொல்வார்? கூட இருக்கும் அம்மா, மதினி, பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். ஒருவர் அமைதியாக 'லேசான குத்தல்' என்றால் அது லேசான குத்தல்தான் என்று எடுத்துக்கொண்டேன். கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த பாராசிட்டமாலைக் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

அங்கே இருந்த மூத்த நர்ஸ் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். யார் கூப்பிட்டது என்று கேட்டார். சொன்னேன். "அவர் பெல் அடிச்சாரா? அவரா?" என்றவர், குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நடந்தார். பின்னாலேயே ஓடினேன். பெரியவரின் வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 26, நாடித்துடிப்பு 118, காய்ச்சல் 38.6 செல்சியஸ், ஆக்சிஜன் 94. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறை ஒன்று உண்டு. இந்த எண்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 7 வந்தது. ஏழு என்றால் அவசரம், மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும். விடிவதற்குள் அவரைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். குடலைத் தைத்த இடத்தில் கசிவு. பிழைத்துக்கொண்டார். நாடியைப் பிடித்துப் பார்க்காமல் அவர் சொன்ன வார்த்தையை மட்டும் நம்பி மாத்திரை கொடுத்தது என் தவறு. இன்றுவரை அதை நான் மறக்கவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு வார்த்தைகளை எடை போடக் கற்றுக்கொண்டேன். யார்க்ஷரில் எல்லோரும் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள், எங்கள் பக்கத்து 'மக்களே' மாதிரி. அந்த அன்பான சொல்லோடு சேர்ந்து வலி பாதியாகச் சுருங்கி வரும். 'பரவாயில்லை' என்றால் பரவாயில்லை என்று அர்த்தம் இல்லை. 'பூர்லி' என்று ஒரு சொல் உண்டு, உடம்பு சரியில்லை என்று பொருள். குழந்தைக்குச் சளி பிடித்தாலும் அந்தச் சொல்தான். ஆனால் ஒரு மருத்துவர் குடும்பத்தாரை உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தி, 'அவர் ரொம்ப பூர்லி' என்று சொன்னால், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குப் புரியவில்லை. அந்த மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இந்தப் பழக்கத்தால் போர்க்களத்தில் நேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவத்தைப் பின்னால் படித்தேன். கொரியப் போர், 1951 ஏப்ரல், இம்ஜின் ஆற்றங்கரை. க்ளோஸ்டர்ஷர் படைப்பிரிவின் ஒரு பட்டாலியனைப் பல மடங்கு பெரிய சீனப் படை சூழ்ந்துகொண்டது. பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிரோடி தன் அமெரிக்க மேலதிகாரியிடம், "நிலைமை கொஞ்சம் சிக்கலாத்தான் இருக்கு சார்" என்கிற தோரணையில் சொன்னாராம். இன்னொரு பிரிட்டிஷ்காரர் கேட்டிருந்தால் பதறியிருப்பார். அமெரிக்க அதிகாரியோ, கஷ்டம்தான், ஆனால் சமாளித்துவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டாராம். அந்த வீரர்களில் பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த ஜன்னலோரப் படுக்கைதான் ஞாபகம் வந்தது.

எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டேன். அந்த ஊர்ப் பெரியவர்கள் பலர் நகராட்சியிடம் சின்னத் துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடுவார்கள். 'தோட்டத்துக்குக் கடைசியாக என்று போனீர்கள்?' என்று கேட்டால் போதும். "செவ்வாய்க்கிழமையிலேர்ந்து போகலை" என்று பதில் வந்தால் அந்த வலி எந்த அளவு என்று எனக்குத் தெரிந்துவிடும். வலி ஒருவரை எதைச் செய்யவிடாமல் தடுத்தது என்பதை யாரும் குறைத்துச் சொல்வதில்லை.

2022-இல் டெக்சஸுக்கு, ஹூஸ்டனுக்கு மாறினேன். இந்தியாவிலிருந்து போகும் நர்ஸுக்கு இந்த இரண்டு நாடுகளும் விசித்திரமாகக் குறுக்கே மாறும். நாம் பேசும் மருத்துவமனை மொழி பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனது: வார்டு, தியேட்டர், சிஸ்டர், அட்ரினலின், பாராசிட்டமால். ஆனால் எண்கள் அமெரிக்காவோடு ஒத்துப்போகும். சுகர் 126 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு யார்க்ஷரில் 7 என்று வந்தபோது பகீரென்றது. இரண்டும் ஒரே அளவுதான், அளக்கும் அலகு வேறு. ஹீமோகுளோபின் நமக்கு 7.2 என்றால் அவர்களுக்கு 72. காய்ச்சல் அங்கே செல்சியஸ், இங்கே நம்மைப் போலவே ஃபாரன்ஹீட். ஹூஸ்டனில் எண்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பி வந்ததுபோல இருந்தன, வார்த்தைகள்தான் தொலைந்துபோயின. பாராசிட்டமாலுக்கு அசிட்டமினோஃபன், அட்ரினலினுக்கு எபிநெஃப்ரின். யார்க்ஷரில் இதயம் நின்றால் 2222 என்ற எண்ணுக்குப் போன் செய்வோம். இங்கே 'கோட் ப்ளூ'. அவசரத்தில் கைக்குப் பழகிய சொல்தான் வாயில் வரும். அதனால் முதல் மாதம் முழுக்க வீட்டில் கண்ணாடி முன் நின்று புதுப் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன்.

தேதியில்தான் சறுக்கினேன். ஒரு நோயாளியின் கழுத்துக் குழாய்க்குக் கட்டு மாற்றிவிட்டு, ஜூன் 5 என்று நினைத்து 5/6 என்று எழுதிவிட்டேன். அடுத்த ஷிஃப்டில் வந்தவருக்கு அது மே 6. ஒரு வாரத்துக்குள் மாற்ற வேண்டிய கட்டு ஒரு மாதமாக அப்படியே இருக்கிறதே என்று அவர் பதறிப்போனார். கணினிப் பதிவைப் பார்த்துத் தெளிவானது. அதிலிருந்து மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன்.

ஹூஸ்டனில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி அறை. யார்க்ஷரில் ஆறு பேர் திரைச்சீலை மட்டும் நடுவே தொங்கப் படுத்திருப்பார்கள். எதிர்ப் படுக்கைக்காரர் ராத்திரி தூங்கினாரா என்பது எல்லோருக்கும் தெரியும், செய்தித்தாள் கைமாறும், டீ வண்டி வந்தால் வார்டே நிமிர்ந்து உட்காரும். அங்கே எந்தத் துயரத்துக்கும் முதல் மருந்து டீதான். ஹூஸ்டனில் ஒரு பெரிய குவளை நிறைய ஐஸ் தண்ணீரும் ஸ்ட்ராவும். காய்ச்சல்காரருக்கு முதன்முதலாக ஐஸ் தண்ணீர் கொடுத்தபோது என் கை தயங்கியது. அம்மா பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. இன்றைய தேதி, நர்ஸ் பெயர், 'இன்றைய இலக்கு', பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலியின் அளவு. இங்கே வலிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990-களில் அமெரிக்க மருத்துவ உலகம், நாடி, மூச்சு, காய்ச்சல், ரத்த அழுத்தத்தோடு சேர்த்து வலியை ஐந்தாவது உயிர்க்குறி என்று கொண்டாடியது. ஒவ்வொரு தடவையும் கேள், எண்ணை எழுது, குறை என்றது. ஆளை அடிமையாக்கும் ஓபியாய்டு வலி மாத்திரைகளால் நாடே சீரழிந்த பிறகு, 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. ஆனாலும் எண் கேட்கும் பழக்கம் போகவில்லை. யார்க்ஷரில் எட்டு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே 'பத்து' என்கிறார்கள். முதல் சில மாதங்கள், இவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தது பிசகு. அந்த எண் மருத்துவருக்கு மட்டும் போவதில்லை. இன்னொரு நாள் தங்க அனுமதிப்பதா, ஸ்கேனுக்குப் பணம் தருவதா என்று முடிவெடுக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் அது போகும். நான்கு என்றால் வீட்டுக்குப் போ என்பார்கள். சத்தமாகச் சொன்னால்தான் நடக்கும் என்று இந்த நாடு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. யார்க்ஷரிலோ எதிரில் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள், இருப்பது இரண்டு நர்ஸ். அங்கே அடக்கிச் சொல்வதுதான் மரியாதை.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அனைரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 1948 ஜூலை 5-ஆம் தேதி பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. ஆறு வருடத்தில் ஒரு நோயாளிகூட என்னிடம் 'இதற்கு எவ்வளவு ஆகும்' என்று கேட்டதில்லை. காத்திருப்பு அங்கே பெரும் கொடுமை. இடுப்பு மாற்று சிகிச்சைக்கு மாதக்கணக்கில் தாங்கித் தாங்கி நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே இரவைக் கழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஹூஸ்டனில் கேட்ட அன்றே எம்ஆர்ஐ கிடைக்கிறது. பணம் இல்லை என்று சொல்லி அவசர சிகிச்சைப் பிரிவில் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986 முதல் சட்டமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பில்லைத் தள்ளுபடி செய்வதில்லை. சில பொருள்களின் உறையைப் பிரிக்கும் முன் நான் பார்கோடு ஸ்கேன் செய்கிறேன். அந்தச் சின்ன 'பீப்' நோயாளியின் காதிலும் விழுகிறது.

எங்களுக்கும் அப்படித்தான். யார்க்ஷரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே 27 நாள் சம்பள விடுப்பு, அதற்கு மேல் அரசு விடுமுறை 8. பிரசவ விடுப்பு 52 வாரம் வரை. அமெரிக்காவில் 1993-ஆம் வருடத்துச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல். என்னோடு நைட் டியூட்டி பார்த்த ஒரு பெண் குழந்தை பிறந்து ஏழாவது வாரம் திரும்பி வந்துவிட்டாள். இடைவேளையில் ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுப்பாள். அன்றைக்கு எங்கள் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்திருந்தோம். அவளுக்கு ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தோம். வேறு என்ன செய்ய முடியும்? அமெரிக்க சகாக்களின் தாராளமும் வாய் நிறையப் பாராட்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். யார்க்ஷரில் ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு, 'பரவாயில்லாம செஞ்சே, லவ்.' அந்தப் 'பரவாயில்லை' எவ்வளவு என்று தெரிந்ததால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

போன ஜனவரி முதல் வாரம். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஏசி மெக்கானிக், அறுபதை நெருங்குபவர், நெஞ்சு வலி. முதல் ஈசிஜியிலும் ரத்தப் பரிசோதனையிலும் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. இரவு வைத்திருந்து திரும்பப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். பலகையில் இன்றைய இலக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "வீட்டுக்குப் போகணும்னு எழுதுங்க, மேம்" என்றார். எழுதினேன். வலி எவ்வளவு? "ரெண்டு. நான் நல்லா இருக்கேன், மேம்."

இரண்டு. ஹூஸ்டனில் அந்த எண் என் காதில் விழுந்ததே அபூர்வம். அறை சில்லென்று இருந்தது, அவர் கழுத்தோரம் மட்டும் ஈரம். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு ராத்திரிக்கு இங்கே எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அவருடைய காப்பீட்டில், கம்பெனி பணம் தரத் தொடங்குமுன் ஒவ்வொரு வருடமும் அவர் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை ஒன்று இருந்தது. ஜனவரி 1 பிறந்ததும் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தது. டிசம்பரில் வலித்திருந்தால் தேவலாம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசியாக என்று ஏணி ஏறினீர்கள் என்று கேட்டேன். பதில் வர நேரமானது. "ஞாயித்துக்கிழமை" என்றார். அன்று வியாழன்.

மருத்துவரைக் கூப்பிட்டேன். திரும்ப எடுத்த ஈசிஜி மாறியிருந்தது. படுக்கையோடு தள்ளிக்கொண்டு போகும்போதும் அவர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார், எவ்வளவு ஆகும் என்று. எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்தில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் இரவு நான் டியூட்டிக்கு வந்தபோது ஸ்டென்ட் வைத்து அதே அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். பலகையில் நான் எழுதிய வரி அப்படியே இருந்தது. தேதியை மட்டும் யாரோ அழித்து மாற்றி எழுதியிருந்தார்கள், மாதம் முன்னால், நாள் பின்னால்.