பைலட்டைப் பார்த்து மார்க் போடுகிறவர்கள்

செப்டம்பர் வந்தால் அமெரிக்க நாளிதழ்களின் டிவி பக்கத்தில் ஒரு பெரிய அட்டவணை வரும். புது சீசனில் எந்த சேனலில் எந்தத் தொடர், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று போட்டு, பக்கத்திலேயே விமர்சகரின் மார்க். சிலர் நட்சத்திரம் கொடுப்பார்கள். சிலர் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு மாதிரி ஏ, பி பிளஸ், சி மைனஸ் என்று போடுவார்கள். விகடன் மார்க்கைப் பார்த்துவிட்டுத் தியேட்டருக்குப் போனவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் படத்துக்கு மார்க் போடுகிறவர் முழுப் படத்தையும் பார்த்துவிட்டுப் போடுகிறார். இந்த அட்டவணைக்காக டிவி விமர்சகர் பார்த்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு எபிசோட். அதன் பெயர் பைலட். நகைச்சுவைத் தொடர் என்றால் விளம்பரம் போக 22 நிமிடம், டிராமா என்றால் 42, 43 நிமிடம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான். பைலட் அந்தப் பானையில் வெந்த சோறே இல்லை. அது தனி அடுப்பு, தனிப் பானை, பல சமயம் சமையல்காரரும் வேறு.

எப்படி என்றால், ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் போன்ற பெரிய சேனல்கள் பல காலமாக வைத்திருந்த நடைமுறை இது. ஜனவரி வாக்கில் சில கதைகளுக்கு மட்டும் 'ஒரு எபிசோட் எடுத்துக் காட்டு' என்று உத்தரவு போகும். மார்ச், ஏப்ரலில் படப்பிடிப்பு. மே மாதம் நியூயார்க்கில் விளம்பரதாரர்களைக் கூட்டி, எதெல்லாம் ஒளிபரப்பாகும் என்று அறிவிப்பார்கள். தேர்வான தொடருக்கு முதலில் 13 எபிசோட். நன்றாக ஓடினால் இன்னும் 9 சேர்த்து 22. ஆக, பைலட் என்பது சேனல் அதிகாரிகளிடம் விற்பதற்காகச் செய்த சாம்பிள். துணிக்கடைக்காரர் மேலாக விரித்துக் காட்டும் முதல் மடிப்பு மாதிரி.

அந்த மடிப்புக்குக் கொட்டும் பணம் தனி. 'லாஸ்ட்' தொடரின் இரண்டு பாக பைலட்டுக்கு 2004-ல் 1 கோடி டாலருக்கு மேல் ஆனது. வாராவாரம் அந்த அளவுக்கு யாரும் செலவழிக்க மாட்டார்கள். இயக்குநரும் பைலட்டுக்கு என்றே வருவார். ஜேம்ஸ் பரோஸ் என்ற இயக்குநரின் பெயரைக் கவனியுங்கள். 'சியர்ஸ்', 'ஃபிரெண்ட்ஸ்', 'ஃபிரேஸியர்', 'பிக் பேங் தியரி' எல்லாவற்றுக்கும் பைலட் அவர் இயக்கியதுதான். நேரடிப் பார்வையாளர்களை உட்கார வைத்து எடுக்கும் நகைச்சுவைத் தொடரில், எந்த நடிகர் எங்கே நின்றால் சிரிப்பு வரும் என்று அவருக்கு அத்துப்படி. பைலட் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஏழாவது எபிசோடை அவர்தான் இயக்குவார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இந்த சாம்பிள்தான் கோடையில் விமர்சகர் கைக்கு வருகிறது. ஒரு காலத்தில் விஎச்எஸ் கேசட், பிறகு டிவிடி, இப்போது பார்ப்பவரின் பெயர் திரையில் மிதக்கும் ஆன்லைன் லிங்க். பின்னணி இசை தற்காலிகமாக ஒட்டியது, கிராஃபிக்ஸ் பாதி வேலை என்றெல்லாம் ஒரு குறிப்பு இருக்கும். சில சமயம் நடிகரே மாறிவிடுவார். '30 ராக்' தொடருக்கு முதலில் எடுத்த பைலட்டில் ஜென்னா பாத்திரத்தில் இருந்தவர் ரேச்சல் டிராட்ச். ஒளிபரப்புக்கு முன் அவரை மாற்றி ஜேன் கிராகோவ்ஸ்கியைக் கொண்டுவந்தார்கள். 'பிக் பேங் தியரி' இன்னும் மோசம். முதல் பைலட்டில் பென்னி என்ற பாத்திரமே இல்லை, வேறொரு பெண் வேறொரு குணத்தோடு இருந்தாள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுசாகத் திரும்ப எடுத்ததுதான் 2007-ல் வெளியானது.

என்பிசியின் 2006 இலையுதிர் காலத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரே சேனல், ஒரே சீசன், ஏறக்குறைய ஒரே கதைக்களம். நேரலை நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றைத் தயாரிக்கிறவர்களின் மேடைக்குப் பின்னால் நடக்கும் கூத்து. ஒன்று 'ஸ்டூடியோ 60 ஆன் த சன்செட் ஸ்டிரிப்', மற்றது '30 ராக்'. முதலாவதை எழுதியவர் 'வெஸ்ட் விங்' எழுதிய ஆரன் சார்க்கின். சீசன் தொடங்கும் முன் எதிர்பார்ப்பும் பாராட்டும் அந்தப் பக்கம்தான் கூடுதல். முடிவு? 'ஸ்டூடியோ 60' 22 எபிசோடோடு மூடுவிழா. '30 ராக்' 7 சீசன், 138 எபிசோட். சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று வருடம்.

விமர்சகர்கள் எங்கே கோட்டை விட்டார்கள்? 'ஸ்டூடியோ 60' பைலட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் தெரியும். தயாரிப்பாளர் நேரலையில் குறுக்கே வந்து, டிவி கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்று பொரிந்து தள்ளுகிறார். அபாரமான காட்சி. அவரைக் கொதிக்க வைத்தது, சேனல் நீக்கச் சொன்ன ஒரு ஸ்கெட்ச், அதாவது குட்டி நகைச்சுவை நாடகம். அது பிரமாதமானது என்று பாத்திரங்கள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். நம் கண்ணில் அது படவே இல்லை. அடுத்த எபிசோடில், அவருக்குப் பதிலாக வந்த புதுக் குழு தன் திறமையைக் காட்டியாக வேண்டும். காட்டியது என்ன? 19-ஆம் நூற்றாண்டு கில்பர்ட் அண்ட் சல்லிவன் ஓபரா மெட்டுக்குப் புது வரிகள் போட்ட ஒரு பாட்டு. மேடையில் இருப்பவர்கள் மேதைகள் என்று எழுதிவிடலாம், அவர்களுக்குச் சிரிப்பு எழுதிக் கொடுப்பது வேறு வேலை. பைலட் அந்த வேலையைத் தள்ளிப் போட்டிருந்தது. மார்க் போட்டவர்களில் பலர் அதைக் கவனிக்கவில்லை. '30 ராக்' பைலட் தடுமாறுகிற ஒன்றுதான். ஆனால் அதன் சிரிப்பு திரையிலேயே இருந்தது, யாருடைய வாக்குறுதியிலும் இல்லை.

அதனால் ஒரு நல்ல விமர்சனத்தில் நான் முதலில் தேடுவது, இரண்டாவது வாரம் என்ன நடக்கும் என்று எழுதியவர் யோசித்திருக்கிறாரா என்பதைத்தான். கதைக்கரு வேறு, தொடரை ஓட்டும் எஞ்சின் வேறு. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், மதுக்கடை இவற்றில் கதவைத் திறந்து வைத்தால் போதும், வாரத்துக்கு ஒருவர் பிரச்சினையோடு உள்ளே வருவார். 'ஒருவனுக்கு இரட்டை வாழ்க்கை, இரண்டு குடும்பம்' என்பது கரு மட்டும்தான். ஃபாக்ஸ் 2010-ல் வெளியிட்ட 'லோன் ஸ்டார்' இந்த ரகம். டெக்சாஸில் இரண்டு ஊர்களில் இரண்டு வாழ்க்கை நடத்தும் மோசடிக்காரன். அந்த சீசனில் விமர்சகர்களின் செல்லப்பிள்ளை அது. செப்டம்பர் 20 முதல் ஒளிபரப்பு, பார்த்தவர்கள் சுமார் 40 லட்சம். அடுத்த வாரம் சுமார் 32 லட்சம். மூன்றாவது வாரம் தொடரே இல்லை. ஏபிசியில் நடனப் போட்டி, சிபிஎஸ்ஸில் 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' என்று இரண்டு யானைகளுக்கு நடுவே திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். அதற்கு விமர்சகர் பொறுப்பில்லை. ஆனாலும் இந்த இரட்டை வேடம் 22 வாரம் தாங்குமா என்று கேட்டிருக்கலாம்.

இந்தப் பாராட்டு மழைக்கு இன்னொரு காரணம் அலுப்பு. இரண்டு வாரத்துக்குள் இருபதுக்கு மேல் பைலட் பார்க்கிறவருக்கு, பதினைந்தாவது போலீஸ் தொடருக்குப் பிறகு கொஞ்சம் மாறுபட்ட எதைப் பார்த்தாலும் அமிர்தமாகத்தான் இருக்கும். 'இந்த சீசனின் சிறந்த புதுத் தொடர்' என்று படித்தால், மற்ற இருபதும் எப்படி இருந்தன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நகைச்சுவைக்கு நேர்மாறான அநியாயம் நடக்கும். 1989 ஜூலை 5 அன்று ஒளிபரப்பான 'சைன்ஃபெல்ட்' பின்னாளில் பெரிய வெற்றி, ஆனால் அதன் பைலட்டில் முக்கியப் பாத்திரமான எலேன் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் கிரேமருக்குப் பெயர் கெஸ்லர். சேனல் நடத்திய முன்னோட்டச் சோதனையில் கிடைத்த மதிப்பீடு 'பலவீனம்'. அந்த ஒரு எபிசோடை மட்டும் வைத்துப் பார்த்தால் அது தப்பான தீர்ப்பும் இல்லை! 'தி ஆபீஸ்' அமெரிக்கப் பதிப்பு 2005 மார்ச்சில் பிரிட்டிஷ் மூலத்தின் முதல் எபிசோடை ஏறக்குறைய வரிக்கு வரி திருப்பி எடுத்துக்கொண்டு வந்தது. அசலைப் பார்த்தவர்களுக்கு அது ஜெராக்ஸ். முதல் சீசன் 6 எபிசோட்தான். இரண்டாவது சீசனில் ஆபீஸ் மேலாளர் மைக்கேல் ஸ்காட்டை வெறும் தொல்லையாக வைக்காமல், பிறர் அன்புக்கு ஏங்குகிற ஆளாக மாற்றிய பிறகே தொடர் சொந்தக் காலில் நின்றது. மொத்தம் 201 எபிசோட் போனது. 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' 2009-ல் இதே பாதையில்தான் வந்தது.

ஏன் இப்படி என்றால், நகைச்சுவையில் யார் வாயில் எந்த வரி எடுபடும் என்று எழுதுகிறவர்களுக்கே ஐந்தாறு எபிசோட் எடுத்த பிறகுதான் தெரியும். மர்ம டிராமாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கேள்வி போட்டால் போதும், பதில் சொல்லும் நாள் ரொம்ப தூரத்தில் இருக்கிறது. என் கணக்கு இதுதான்: பைலட்டை மட்டும் பார்த்துக் கொடுத்த மார்க் என்றால், நகைச்சுவைக்கு ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள், மர்மக் கதைக்கு ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏ, பி, சி என்ற இந்த மார்க் எழுத்துகளை எண்ணாக மாற்றும் கடை ஒன்று 2001-ல் தொடங்கியது. மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளம், பல விமர்சனங்களின் மார்க்கைச் சேர்த்து சராசரி போடும். அதன் கணக்கில் பி மைனஸ் என்றால் 67, சி என்றால் 50. மார்க்கே போடாத நாளிதழ் விமர்சனமாக இருந்தால், அங்கே இருப்பவர்கள் படித்துப் பார்த்து ஒரு எண்ணைத் தாங்களே வைப்பார்கள். 'வேறு வேலை இல்லையென்றால் பாருங்கள்' என்ற தொனியில் எழுதிய பத்தி, சராசரிக்குள் போய் 60 என்று உட்கார்ந்துகொள்ளும். தொனி போய்விடும். ராட்டன் டொமேட்டோஸ் என்ற இன்னொரு தளம் இன்னும் முரடு, நல்லது அல்லது கெட்டது என்ற இரண்டே பெட்டி.

பிரிட்டனில் பழக்கம் வேறு. நேற்று ராத்திரி ஒளிபரப்பானதைப் பற்றி மறுநாள் எழுதுவார்கள். 1972 முதல் 1982 வரை ஞாயிறுதோறும் அப்சர்வர் பத்திரிகையில் கிளைவ் ஜேம்ஸ் எழுதியதெல்லாம் அந்த வகை. வாசகரும் பார்த்துவிட்டார், எழுதியவரும் பார்த்துவிட்டார். அது டீக்கடைப் பேச்சு. அமெரிக்க விமர்சகர் கொடுப்பது முன்கூட்டிய ஆலோசனை, தப்பினால் ஊருக்கே தெரியும்.

நெட்ஃபிளிக்ஸ் 2013 பிப்ரவரி 1 அன்று 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' முதல் சீசனின் 13 எபிசோடையும் ஒரே நாளில் இறக்கிய பிறகு கணக்கு மாறியது. இப்போது விமர்சகருக்கு நான்கு, ஆறு, சில சமயம் முழு சீசனும் வருகிறது. அதனால் எத்தனை எபிசோட் பார்த்தார் என்று சொல்லாத விமர்சனத்தை நான் நம்புவதில்லை.

சரி, இந்தத் தீர்ப்புகளை யார் கேட்டார்கள்? பொதுமக்களைவிட சேனல் அதிகாரிகள்தான் கேட்டார்கள், அதுவும் வேறு வழி இல்லாதபோது. 1981 ஜனவரியில் வந்த 'ஹில் ஸ்டிரீட் ப்ளூஸ்', 1982 செப்டம்பரில் வந்த 'சியர்ஸ்' இரண்டும் ரேட்டிங்கில் அடிமட்டத்தில் கிடந்தவை. இரண்டையும் விமர்சகர்கள் தூக்கிப் பிடித்தார்கள், எம்மியும் கிடைத்தது. என்பிசி அப்போது மூன்றாவது இடத்தில் இருந்த சேனல். அவற்றை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் போட உருப்படியாக எதுவும் கையில் இல்லை. விட்டுவைத்தார்கள். 'சியர்ஸ்' 11 சீசன் ஓடியது.

1999-ல் அதே என்பிசியிடம் 'ஃபிரெண்ட்ஸ்', 'ஈஆர்' எல்லாம் இருந்தன. அந்த வருடம் விமர்சகர்கள் கொண்டாடிய தொடர்களில் ஒன்று 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்'. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. எடுத்தது 18 எபிசோட், நிறுத்தியபோது 12தான் ஒளிபரப்பாகியிருந்தன. விமர்சனத்தின் அடியில் பொடி எழுத்தில் சேனல், கிழமை, நேரம் என்று ஒரு வரி இருக்குமே, அதில் அன்றைக்கு இருந்தது: சனிக்கிழமை, இரவு 8 மணி. அந்த வயதுப் பிள்ளைகள் யாரும் வீட்டில் இருக்காத நேரம்.