ஜிம்மில் 38 மணி நேரம், சம்பளம் 9 மணி நேரத்துக்கு

ஜிம்மில் தனிநபர் பயிற்சியாளராக ஏஸ் (ACE) என்ற அமெரிக்க அமைப்பின் சான்றிதழுக்குத் தேர்வு எழுதினேன். 150 கேள்விகள், மூன்று மணி நேரம். முதல் முயற்சியிலேயே தேறிவிட்டேன். கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வேலை கிடைத்து, சேர வேண்டிய நாளன்றே முதல் அடி. தேர்வுக்காகக் காட்டிய சிபிஆர் அட்டை, அதாவது இதயம் நின்றால் செய்யும் முதலுதவியில் பயிற்சி பெற்றதற்கான சான்று, அதற்குள் காலாவதியாகியிருந்தது. அது இரண்டு வருஷம்தான் செல்லும். "புது அட்டையோடு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வகுப்பு கிடைக்கும்வரை பத்து நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தேதியை முன்பே பார்த்து வையுங்கள்.

சரி, சேர்ந்தாயிற்று. ஒருவருக்குத் தனியாக ஒரு மணி நேரம் பயிற்சி கொடுப்பது ஒரு செஷன். அந்தக் கட்டணத்தில் 40 சதவீதம் எனக்கு என்று மேனேஜர் சொன்னார். நானும் தினமும் எட்டு செஷன், வாரம் ஆறு நாள் என்று மனக்கோட்டை கட்டினேன். முதல் மாதத்தில் ஒரு வாரம் எழுதி வைத்துப் பார்த்தேன்: ஜிம்மில் இருந்தது 38 மணி நேரம், பணம் வந்தது 9 செஷனுக்கு. மீதி நேரமெல்லாம் ஃப்ளோர் டியூட்டி. டம்பெல்லை எடுத்து அடுக்குவது, மெஷின் துடைப்பது, புதிதாக வருபவர்களுக்கு இலவச அறிமுக செஷன். அந்த இலவச செஷனில்தான் உண்மையான உழைப்பு. உடல்நிலைக் கேள்வித்தாள் நிரப்ப வைத்து, குந்தி எழச் சொல்லி முட்டி உள்ளே சாய்கிறதா என்று கவனித்து, திட்டமும் எழுதித் தர வேண்டும். பத்துப் பேருக்குச் செய்தால் இரண்டு பேர் பேக்கேஜ் வாங்கினார்கள். மற்ற எட்டுப் பேரும் என் திட்டத்தை வைத்துத் தாங்களே உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள், பார்க்கும்போது வயிற்றெரிச்சல்தான்.

அந்த 40 சதவீதத்திலும் ஒரு சூது. பலகையில் எழுதியிருக்கும் விலையில் 40 என்று நினைத்தேன். தள்ளுபடி போக வசூலான தொகையில்தானாம். 20 செஷன் பேக்கேஜை விற்பனைப் பிரிவு கால் பங்கு குறைத்து விற்றால் என் பங்கும் கால் பங்கு குறையும். தள்ளுபடி கொடுப்பது அவர்கள், அதில் 40 சதவீதச் சுமை எனக்கு. ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதே பக்கத்தில் இன்னொன்று: வேலையை விட்டால் இங்குள்ள கிளையன்ட்டுகளை ஆறு மாதத்துக்கு வெளியே பயிற்றுவிக்கக் கூடாது. ஆகவே, கையெழுத்துக்கு முன் சதவீதம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், எதில் சதவீதம் என்று கேளுங்கள். கிளையன்ட் கடைசி நேரத்தில் வராவிட்டால் உங்களுக்குப் பணம் உண்டா, காப்பீடு யார் எடுப்பது, இதையும் கேளுங்கள்.

நேரம் வேறு பிரச்சினை. வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் வருவார்கள், இல்லாவிட்டால் சாயங்காலம். நடுவில் ஏழு மணி நேரம் காலி. மூன்று மாதம் லாக்கர் அறை பெஞ்சில் தூங்கியிருக்கிறேன்.

அந்தக் காலி நேரம்தான் கடைசியில் கைகொடுத்தது. பணி ஓய்வு பெற்ற ஒரு அம்மா காலை பதினொரு மணிக்கு வரலாமா என்று கேட்டார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. ஏழாவது வாரம் எழுந்தார். அடுத்த வாரமே தோழிகள் இருவரைக் கூட்டி வந்தார். வயதானவர்கள் செஷனைத் தவறவிடுவதே இல்லை. சான்றிதழைப் புதுப்பிக்க இரண்டு வருஷத்துக்குள் 20 மணி நேரத் தொடர்கல்வி எப்படியும் முடிக்க வேண்டுமே, அதை முதியோர் பயிற்சியிலேயே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் 22 செஷன். அடுத்த மாதம் 50 சதவீதம் கேட்கப் போகிறேன், கணக்கு நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு.