நான் தங்கிய அறைக்கும் ஓட்டு நடந்தது

சுவிட்சர்லாந்தில், சூரிச்சிலிருந்து பெர்னுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். 2024 நவம்பரில் நான் போனபோது டிக்கெட் 50 பிராங்குக்கு மேல்! அன்றைய கணக்கில் நம் பணத்தில் கிட்டத்தட்ட 5,000 ரூபாய். தண்ணீர் பாட்டிலுக்கும் காசைக் கொட்டாதீர்கள், பழைய நகரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் நீரூற்றுகளிலேயே பிடித்துக் குடிக்கலாம்.

ஹோட்டல் கட்டுப்படியாகவில்லை. ஒரு அம்மாவின் ஃபிளாட்டில் அறை எடுத்தேன். அவரும் வாடகைக்கு இருப்பவர்தான், ஓர் அறையை உள்வாடகைக்கு விட்டிருந்தார். 2024 நவம்பர் 22, வெள்ளி இரவு. ஞாயிறன்று சில சட்டங்களும் திட்டங்களும் வேண்டுமா வேண்டாமா என்று மக்கள் வாக்கெடுப்பு. சாப்பாட்டு மேஜையில் அதற்காகத் தபாலில் வந்த வாக்குச்சீட்டுகள், பக்கத்தில் அரசு அனுப்பிய சிவப்பு அட்டைக் கையேடு. அதில் அரசு தரப்பு வாதமும் உண்டு, எதிர்ப்பவர்கள் வாதமும் உண்டு. சீட்டில் சின்னமோ முத்திரையோ கிடையாது. கட்டத்துக்குள் பேனாவால் ஜெர்மன் மொழியில் ‘யா’ (ஆம்) அல்லது ‘நைன்’ (இல்லை) என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சீட்டைக் காட்டி, "இது நீங்கள் படுக்கிற அறையைப் பற்றியது" என்றார். உள்வாடகை விதிகளை இறுக்கும் சட்டம். நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டதுதான், ஆனால் எதிர்த்து 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்ந்தால் மக்களிடம் வந்தே ஆக வேண்டும். நிதானமாக ‘நைன்’ எழுதினார். சுவிஸ் பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டு கிடைத்ததே 1971-இல்தான். தன் அம்மா முதல் முறை ஓட்டுப் போட்ட நாள் அவருக்கு நினைவிருக்கிறதாம்.

ஞாயிறு சாயங்காலம் முடிவு: உள்வாடகைச் சட்டம் 51.6 சதவீத எதிர்ப்பில் தோற்றது. கிட்டத்தட்ட 500 கோடி பிராங்கில் நெடுஞ்சாலைகளை அகலப்படுத்தும் திட்டமும் 52.7 சதவீதத்தில் விழுந்தது. பெர்னுக்குப் பக்கத்துச் சாலையும் அதில் இருந்தது. இதே மக்கள்தான் 2012-இல் ஆண்டுக்கு ஆறு வாரச் சம்பள விடுமுறை வேண்டாம் என்றவர்கள்! மூன்றில் இரண்டு பங்கு பேர். வேலைகள் போய்விடும் என்ற கவலை.

எனக்குக் கோபம் வந்தது ஒன்றில்தான். ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 45 சதவீதம். ஆண்டுக்கு நான்கு முறை வீடு தேடி வரும் உரிமை இது, பாதிப் பேர் உறையைக்கூடப் பிரிப்பதில்லையா? அந்த அம்மாவிடமே கேட்டேன். "எல்லாவற்றையும் படிக்க நேரம் வேண்டுமே" என்றார். எனக்குச் சமாதானமாகவில்லை.

அப்புறம், நவம்பரின் நான்காவது திங்களன்று பெர்னில் இருங்கள். வெங்காயச் சந்தை! விடியும் முன்பே தொடங்கிவிடும். ஜடை போலப் பின்னிய வெங்காயச் சரங்கள், குளிரில் ஆவி பறக்கும் வெங்காயக் கேக். விலை பார்க்காமல் இரண்டு துண்டு வாங்கினேன். நெடுஞ்சாலை தோற்றது சரியா தவறா என்று பக்கத்து மேஜையில் இருவர் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.